எஃப் ஓட்டைக்குள்ள என்ன இருக்கு? பழைய செமி-ஹாலோ கிட்டார் கேள்வி பதில்

போன இதழ்ல கடைசியில ஒரே ஒரு வரி போட்டிருந்தேன், பழைய செமி-ஹாலோ எலெக்ட்ரிக் கிட்டார் வச்சிருக்கவங்க, வாங்க ஆசப்படுறவங்க எழுதுங்கன்னு. மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை பக்கம் இதெல்லாம் எவன் வச்சிருக்கப் போறான், மிஞ்சிப்போனா நாலு லெட்டர் வரும்னு நெனச்சேன். வந்து குமிஞ்சதப் பாத்தா ஒவ்வொரு குவயர் ரூம் அலமாரியிலயும் ஒண்ணு ஒளிஞ்சிருக்கும் போல. எல்லாத்துக்கும் பதில் எழுத இடம் இல்ல, திரும்பத் திரும்ப வந்த கேள்வியும் எனக்கு வாய் அரிச்ச கேள்வியும் மட்டும் எடுத்திருக்கேன். ரெண்டு மூணு பேர் மலையாளத்துல எழுதியிருந்தாங்க, அத நானே தமிழ்ல மாத்திக்கிட்டேன், தப்பு இருந்தா பொறுத்துக்கிடுங்க.

கேள்வி: எங்க பாட்டா வாசிச்ச கிட்டார் பரண்ல கெடந்து கிடைச்சுது. ரெண்டு பக்கமும் வயலின்ல இருக்க மாதிரி ஓட்டை. தலையில கிவ்சன்னு எழுதியிருக்கு. பழைய கிப்சன் பல லட்சத்துக்குப் போகுதுன்னு சொல்றாங்களே, வித்தா வீட்டு லோன் அடைஞ்சிருமா? (குழித்துறை வாசகர்)

பதில்: தம்பி, அந்தத் தலையில இருக்க எழுத்த நல்ல வெளிச்சத்துல இன்னொரு தடவ வாசிங்க. கிப்சன்ல நடுவுல வர்றது பி, உங்களுதுல வி. அந்த ஒரு எழுத்துக்கு இடையில தான் உங்க வீட்டு லோன் மாட்டிக்கிட்டு நிக்குது. கிப்சன் அமெரிக்காக்காரன், அந்தக் காலத்துல மிச்சிகன் மாநிலத்துல கலமசூங்கிற ஊர்ல செஞ்சது. கிவ்சன் நம்ம நாட்டுலயே செய்யிற கிட்டார். அதுக்காக மொகத்த தொங்கப் போடாதீங்க, நம்ம பக்கத்துல என் வயசுக்காரங்க முக்காவாசிப் பேருக்கு விரல் காய்ச்சுப் போனது இந்த நாட்டுக் கிட்டார்ல தான், கம்பி அரை இஞ்ச் ஒசரத்துல நிக்கும், எஃப் கார்டு புடிக்கிறதுக்குள்ள உசுரு போயிரும், அதுல கத்துக்கிட்டவன் எதுலயும் வாசிப்பான். புதுக் கம்பி போட்டு பாட்டா படத்துக்குப் பக்கத்துல வச்சு வாசிங்க.

இதே கேள்விய அசல் கிப்சன வச்சுக்கிட்டு ரெண்டு பேர் கேட்டிருக்காங்க, அவங்களுக்குச் சொல்றேன். நம்பர மட்டும் வச்சு வருஷம் சொல்றவன நம்பாதீங்க. 1961-லேருந்து தலைக்குப் பின்னாடி நம்பர மரத்துல அமுக்கி அடிச்சாங்க, ஆனா 1960-கள்ல ஒரே நம்பர வேற வேற வருஷத்துல திரும்பவும் போட்டிருக்கான் அந்தக் கம்பெனிக்காரன். அதனால ஒடம்பு பூரா பாக்கணும். கிப்சனோட செமி-ஹாலோ மாடலான இஎஸ்-335-ன்னா ஃபிங்கர்போர்டுல, அதாவது கழுத்து மேல விரல் வைக்கிற பலகையில, புள்ளி புள்ளியா இருந்தா 1958-லேருந்து 1962 வர, அதுக்கப்புறம் சதுரக் கட்டம். கம்பிய பின்னாடி புடிக்கிற கட்டை ஒடம்புலயே திருகி நின்னா 1964 வர, அப்புறம் ஊஞ்சல் மாதிரி அடியிலேருந்து தொங்குற ட்ரபீஸ் வந்துடுச்சு. 1965-ல நட்டு, அதாவது தலைக்குக் கீழ கம்பிய தாங்குற துண்டு, ரொம்ப ஒடுங்கிப் போச்சு, அகலம் 1 11/16 இஞ்ச் இருந்தது 1 9/16 ஆச்சு, தடி விரல்காரனுக்கு அது ஒத்து வராது. தலைக்குப் பின்னாடி மேட் இன் யு.எஸ்.ஏ-ன்னு அமுக்கி அடிச்சிருந்தா அது 1970-க்கு அப்புறம், அத ஒருத்தன் 1964-ன்னு சொல்லி விக்க வந்தா சாயா வாங்கிக் கொடுத்து அனுப்பி வச்சிருங்க. வால்யூம் பாட்டுக்கு (குமிழுக்கு அடியில இருக்க பொட்டன்ஷியோமீட்டர்) அடியிலயும் நம்பர் உண்டு, 1376633-ன்னு இருந்தா 137 செஞ்ச கம்பெனி, 66 வருஷம், 33 வாரம். கிட்டார் அதுக்கு முன்னாடி செஞ்சிருக்க முடியாது, பின்னாடி செஞ்சிருக்கலாம், அவ்வளவு தான் அது சொல்லும். பாட்ட மாத்தியிருந்தா அதுவும் இல்ல.

கேள்வி: செமி-ஹாலோன்னா பாதி பொள்ளையா? எந்தப் பாதி? கடைக்காரர் ஒண்ணு சொல்றார், யூடியூப்ல ஒண்ணு சொல்றாங்க. (பாறசாலையிலிருந்து ஒரு மாணவி)

பதில்: நல்ல கேள்வி பிள்ளே, ஒருவாடு பேரு வெக்கப்பட்டுக் கேக்காம விட்ட கேள்வி. ஒரு வீட்டுக்கு நடுவுல கெட்டிச் சுவர், ரெண்டு பக்கமும் ரூமு, அப்படி நெனச்சுக்கோ. கழுத்து சேர்ற இடத்துலேருந்து அடி வரைக்கும் நடுவுல ஒரு மேப்பிள் கட்டை ஓடும், கம்பி அதிர்வ கரண்டா மாத்துற பிக்கப்பு, கம்பிய தாங்குற பிரிட்ஜு எல்லாம் அந்தக் கட்டை மேல தான் ஒக்காந்திருக்கும். ரெண்டு சைடும் காலி. வயலின்ல இருக்க மாதிரி எஃப் எழுத்து வடிவத்துல இருக்க ஓட்டை, அந்த எஃப் ஓட்டை வழியா டார்ச் அடிச்சுப் பாத்தா அந்தச் சுவர் தெரியும்.

இத ஏன் செஞ்சாங்கன்னா, முழுப் பொள்ளை கிட்டார ஆம்ப்ல போட்டு சவுண்ட ஏத்தினா ஊளையிடும். முழுக் கட்டை கிட்டார் ஊளையிடாது, ஆனா அந்த மூச்சு வராது. லெஸ் பால்ங்கிற கிட்டார்காரர் 1940 வாக்குல நியூயார்க்ல எபிஃபோன் ஃபேக்டரியில போய் நாலுக்கு நாலு இஞ்ச் பைன் கட்டையில கம்பியும் பிக்கப்பும் மாட்டி ஒண்ணு செஞ்சார், பேரே 'லாக்', அதாவது மரத்தடி. பாக்கிறவன் சிரிக்கக் கூடாதுன்னு சாதாரண கிட்டாரோட ஒடம்ப ரெண்டா அறுத்து சைடுல ஒட்ட வச்சார். அந்த யோசனைய ஒழுங்கா வடிவம் பண்ணி டெட் மெக்கார்ட்டி தலைமையில கிப்சன் எறக்கினது தான் இஎஸ்-335, வருஷம் 1958, அதாவது நம்ம கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோட சேந்து ரெண்டு வருஷம் கழிச்சு. அப்போ விலை 267 டாலர் 50 சென்ட். ஒடம்பு 16 இஞ்ச் அகலம், மேல் பலகையும் அடிப் பலகையும் ஒட்டுப் பலகை. ஆமா பிளைவுட்டு தான், மொகம் சுளிக்காத, அது நல்லதுக்குத் தான்னு கீழ மழைக்காலக் கேள்வியில சொல்றேன்.

ஒரு எச்சரிக்கை. வெளியிலேருந்து பாத்தா அச்சு அசல் 335 மாதிரியே இருக்கும், உள்ள சுவரே இருக்காது, அப்படியும் கிட்டார் உண்டு. கிப்சன் இஎஸ்-330, எபிஃபோன் கஸினோ ரெண்டும் அப்படித்தான், முழுப் பொள்ளை, பி-90 பிக்கப்பு. பீட்டில்ஸ்ல பால் மெக்கார்ட்னி 1964-ல ஒரு கஸினோ வாங்கினார், அப்புறம் லென்னனும் ஹாரிசனும் வாங்கினாங்க, லென்னன் 1968-ல அவரு கிட்டாரோட பெயின்ட்டெல்லாம் சொரண்டி எடுத்துட்டு பச்சை மரமா வாசிச்சார். நீ அப்படிச் செஞ்சா வெல தான் சரியும், உனக்கு லென்னன் கை வராது.

கேள்வி: சர்ச்சுல வாசிக்கும்போது கிட்டார் ஊளையிடுது. ஐயர் (பாஸ்டர்) பிரசங்கத்த நிறுத்திட்டு என்னையே பாக்கிறார். என்ன செய்ய? (களியக்காவிளை, பெயர் வேண்டாம்னு கேட்டுக்கிட்டார்)

பதில்: பெயர் ஏன் வேண்டாம்னு புரியுது அண்ணே. பிரசங்க நேரத்துல ஏன் வால்யூம் திறந்து கெடந்துதுங்கிறது முதல் கேள்வி, அத விட்டுருவோம்.

கிட்டாரோட மேல் பலகை ஸ்பீக்கர் சத்தத்துக்கு அதிரும், அந்த அதிர்வு கம்பிக்குப் போவும், கம்பியிலேருந்து பிக்கப்புக்கு, அங்கேருந்து திரும்பவும் ஸ்பீக்கருக்கு, இப்படி சுத்திச் சுத்தி வந்தா ஊளை. நடுக்கட்டை இருக்கிறதால முழுப் பொள்ளையை விட கொறவு தான், ஆனா சுத்தமா இல்லாமப் போகாது. நீங்க எங்க நிக்கிறீங்கங்கிறதுல பாதி தீந்துரும். ஆம்புக்கு நேர் எதிர்ல நிக்காதீங்க, பக்கவாட்டுல வாங்க, ஒரு அடி நகந்தாலே ஊளை அடங்குற எடம் கிடைக்கும், அந்த எடத்துல தரையில சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டுக்கிடுங்க. நம்ம சர்ச்சுகள்ல மானிட்டர் பெட்டிய கொண்டு போய் கிட்டார்காரன் வயித்துக்கு நேரா வச்சிருவாங்க, அத சவுண்டு சர்வீஸ் பையன்கிட்ட பைய சொல்லி திருப்பி வைக்கச் சொல்லுங்க. ஆம்புல பாஸ் கொறைங்க. அதுக்கும் அடங்கலன்னா எஃப் ஓட்டைக்குள்ள ஸ்பாஞ்ச வெட்டி பருத்தித் துணிய சுத்தி லேசா சொருகி வைங்க, கருப்புத் துணியா இருந்தா தூரத்துல தெரியாது. பசை போட்டு ஒட்டிராதீங்க, வேற எதுவானாலும் செய்ங்க, அது மட்டும் வேண்டாம். ப்ளூஸ் கிட்டார்காரர் பி.பி. கிங்குக்காக கிப்சன் 1980-ல எறக்கின லூசில் மாடல்ல எஃப் ஓட்டையே கெடையாது, இந்த ஊளைத் தொல்லைக்காகத் தான். அவ்வளவு பெரிய ஆளுக்கே இருந்த தொல்லை, நீங்க கூச்சப்பட ஒண்ணுமில்ல.

ஊளை வேற, இரைச்சல் வேற, அதையும் சொல்லிருதேன். உங்களுது ஹம்பக்கர் பிக்கப்பா இருந்தா ரெண்டு காயில் எதிரும் புதிருமா சுத்தி, வெளியிலேருந்து வர்ற இரைச்சல ஒண்ணுக்கொண்ணு அடிச்சுக்கும். கிப்சன்ல செத் லவர்ங்கிறவர் 1955-ல பேட்டன்ட்டுக்கு எழுதிப் போட்டது. பேட்டன்ட் கைக்கு வர்ற வரைக்கும், வந்த பிறகும் கூட கொஞ்ச காலம், பிக்கப்புக்கு அடியில 'பேட்டன்ட் அப்ளைடு ஃபார்'னு ஸ்டிக்கர் ஒட்டினாங்க, அந்த ஸ்டிக்கர் இருக்க பிக்கப்புக்குத் தான் இன்னிக்கு ஆளுக அடிச்சுக்கிறாங்க. அப்புறம் நம்பர் போட்ட ஸ்டிக்கர் வந்துது, அதுலயும் ஒரு கூத்து, அந்த நம்பர் பிக்கப்போட பேட்டன்ட்டே இல்ல, லெஸ் பாலோட டெயில்பீஸ் பேட்டன்ட் நம்பர்! பி-90-ன்னா ஒத்தக் காயில், டிசம்பர் மாசம் குடில்ல சீரியல் லைட்டு போட்டதும் 'ம்ம்ம்'னு ஆரம்பிச்சிரும்.

இன்னொண்ணு, இது வெளையாட்டு இல்ல. பழைய சர்ச்சுகள்ல எர்த் சரியா இருக்காது. கிட்டார் கம்பி ஆம்ப் வழியா எர்த்தோட சேந்திருக்கு, மைக்கு வேற லைன்ல இருக்கும். ஒரு கேரல் சர்வீசுல எனக்கு மைக்குல ஒதடு பட்டதும் பல்லு வரைக்கும் அடிச்சுது, ரெண்டு நிமிஷம் பேச்சு வரல, எல்லாரும் பக்தியில நிக்கிறான்னு நெனச்சாங்க. எங்க வாசிக்கப் போனாலும் முதல்ல எலெக்ட்ரீஷியன கூப்பிட்டு பிளக்குல எர்த் செக் பண்ணச் சொல்லுங்க, ஆம்பும் மைக்கு மிக்சரும் ஒரே லைன்லேருந்து எடுக்கச் சொல்லுங்க.

கேள்வி: இடவப்பாதி (ஜூன் மழை) ஆரம்பிச்சா கிட்டார் பெட்டிக்குள்ள பூசணம். கம்பி துரு. கழுத்தும் என்னமோ நெளிஞ்ச மாதிரி. ஆசாரிகிட்ட குடுக்கட்டா? (அருமனை, பேச்சிப்பாறை, குளச்சல்னு ஆறு லெட்டர்)

பதில்: ஆசாரிகிட்ட குடுக்காதீங்க. கட்டில், ஜன்னல் செய்யிறவர் கை வேற, இது வேற.

கிட்டாருக்கு சொகமான ஈரப்பதம் 45-லேருந்து 55 சதவீதம்னு சொல்லுவாங்க. நமக்கு ஜூன்ல ஒரு மழை, அக்டோபர்ல துலா மழை, ரெண்டு பருவமும் வந்து அடிக்கிற மாவட்டம் இது, என் ரூம்ல இருக்க மானி ஜூலையில 85-க்கு கீழ எறங்கவே எறங்காது. இங்க தான் அந்த ஒட்டுப் பலகை கை குடுக்கும். ஒண்ணுக்கு குறுக்க ஒண்ணா நார் வச்சு ஒட்டியிருக்கிறதால தனிப் பலகை மாதிரி உப்பாது, வெடிக்காது. நல்ல ஒத்தப் பலகை அக்கூஸ்டிக் கிட்டார் ஒண்ணும் பழைய 335 ஒண்ணும் ஒரே ரூம்ல வச்சிருந்தீங்கன்னா மழை முடிஞ்சதும் அக்கூஸ்டிக் வயிறு வீங்கி நிக்கும், இது சும்மா இருக்கும். ஆனா கழுத்து ஒட்டுப் பலகை இல்ல, அது மகோகனி, அது ஈரத்துக்கு நெளியும். கம்பி ஒசரம் மாறினா உடனே வெப்ராளப்பட்டு டிரஸ் ராட, அதாவது கழுத்துக்குள்ள ஓடுற இரும்புக் கம்பிய, முறுக்க ஆரம்பிச்சிராதீங்க, மழைக்கு நெளிஞ்சது வெயிலுக்கு கொஞ்சம் தானா திரும்பும். செஞ்சே ஆகணும்னா கால் சுத்து, அவ்வளவு தான், ஒரு ராத்திரி விட்டுட்டு மறுநாள் பாத்துட்டு அடுத்த கால் சுத்து. பழைய ராடு டைட்டா நின்னா மல்லுக்கட்டாதீங்க, முறிஞ்சா ஃபிங்கர்போர்ட கழட்டணும், அந்தச் செலவுக்கு ஒரு கிட்டார் வாங்கலாம்.

வெளிச்சுவர்ல மாட்டாதீங்க, மழைக்காலத்துல அந்தச் சுவர் ஓதம் காக்கும். பெட்டிய தரையில வைக்காதீங்க, செதல் வரும், எங்க வீட்டுலயே ஒரு பெட்டியோட அடிய தின்னுட்டு வெல்வெட்ட மட்டும் மிச்சம் வச்சிருந்துது சவம். பெட்டிக்குள்ள சிலிக்கா ஜெல் பை போடுங்க, கலர் மாறுற வகை வாங்கினீங்கன்னா எப்போ காய வைக்கணும்னு தெரியும். அரிசிய துணியில கட்டிப் போடுறது நம்ம ஊர் வழக்கம், அதுல பிரயோஜனம் இல்ல, எலி தான் வரும். அலமாரிக்குள்ள குண்டு பல்பு போட்டு வைக்கிறவங்களும் உண்டு, ஆர்மோனியப் பெட்டிக்கு அந்தக் காலத்துல செஞ்சது. பழைய கிட்டார் மேல இருக்கது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர், தீப்பிடிக்கிற சாதனம், பல்பு வச்சா ஒடம்புக்கு தூரமா வைங்க, சின்ன பல்பா வைங்க, வீட்ட விட்டுப் போகும்போது அணைங்க.

வாசிச்சு முடிச்சதும் பழைய வேட்டித் துணியால கம்பி ஒவ்வொண்ணா தொடச்சு வைங்க. குளச்சல்காரங்க கண்டிப்பா செய்யணும், உப்புக் காத்துல நிக்கல் பூச்சு புள்ளி புள்ளியா பூத்துரும். ஃபிங்கர்போர்டுக்கு தேங்காய் எண்ணெய் தேய்க்கலாமான்னு ஒருத்தர் கேட்டிருக்கார். எல்லாத்துக்கும் தேங்காய் எண்ணெய் தேய்க்கிற ஜனம் நம்ம, இதுக்கு வேண்டாம், சிக்குப் புடிச்சு தூசி ஒட்டும். அதுக்குன்னு விக்கிற லெமன் ஆயில வருஷத்துக்கு ரெண்டு தடவ ரெண்டு சொட்டு, உடனே தொடச்சிருங்க. இதுக்கெல்லாம் மேல ஒரு வைத்தியம் உண்டு, தெனமும் எடுத்து வாசிக்கிறது. பெட்டியிலேயே அடச்சு கெடக்கிற கிட்டார்ல தான் பூசணம் புடிக்குது.

கேள்வி: ஸ்டாண்டுல வச்சிருந்த கிட்டார்ல ரெண்டு எடத்துல பெயின்ட் உருகி ஒட்டிக்கிட்டு வந்துடுச்சு. ஸ்டாண்டு புதுசு தான். (திருவட்டாறு)

பதில்: ரப்பர் வெளையிற ஊர்ல இருந்துக்கிட்டு இத எழுத எனக்கே ஒரு மாதிரி இருக்கு, ஆனா நைட்ரோ லாக்கருக்கு எமன் ரப்பரு தான். ஸ்டாண்டு கையில இருக்க ரப்பர், ஃபோம், சில வினைல் ஸ்ட்ராப்பு எல்லாம் லாக்கரோட சேந்து இளக்கிரும். பருத்தித் துணிய சுத்தி வைங்க. உருகினத இனி தொடாதீங்க, பாலிஷ் போட்டு மறைக்கப் போனா கையளவு காயம் முறத்தளவு ஆயிரும்.

கேள்வி: கப்பல்ல வேலை பாத்த சித்தப்பா 1970-கள்ல ஜப்பான்ல வாங்கின எபிஃபோன் எங்கிட்ட இருக்கு. 'அது டூப்ளிகேட்டு, லாசூட் (கோர்ட் கேஸ்) கிட்டார்'ங்கிறான் நண்பன். அவன் சொல்றது சரியா? (நெய்யாற்றின்கரை)

பதில்: சரியில்ல. எங்கிட்ட இருக்கதும் அதே மாதிரி கப்பல் வழியா வந்தது தான், அதனால கொஞ்சம் சூடாத்தான் பதில் சொல்லுவேன்.

எபிஃபோன கிப்சன் 1957-ல வாங்கிட்டான். 1970 வாக்குல அமெரிக்காவுல செய்யிறத நிறுத்திட்டு ஜப்பானுக்கு மாத்தினான், நாகானோ பக்கம் மட்சுமோட்டோ ஊர்ல மட்சுமோக்குங்கிற ஃபேக்டரி. அதனால உங்களுது சொந்தக் கம்பெனிக்காரனே செய்யச் சொல்லி செஞ்சது, டூப்ளிகேட் எங்கேருந்து வந்துது? 'லாசூட்'டுங்கிறது வேற கதை. 1977-ல கிப்சனோட தாய்க் கம்பெனி நார்லின், ஐபனெஸோட அமெரிக்க ஏஜென்சி மேல கிட்டார் தலை வடிவத்துக்காக ஒரு கேஸ் போட்டுது, அது பைய பேசித் தீந்துது. அந்த ஒத்தக் கேஸ வச்சுக்கிட்டு ஜப்பான்ல செஞ்ச எல்லாத்துக்கும் லாசூட்னு பேர் வச்சு வெல ஏத்தி விக்கிறாங்க, அவ்வளவு தான் சங்கதி.

வேலப்பாடு நல்லாத்தான் இருக்கும். பிக்கப்பு மட்டும் கொஞ்சம் மெல்லிசா, சத்தம் கம்மியா இருக்கும்னு சிலர் மாத்துவாங்க. மாத்தினாலும் பழசத் தூரப் போடாதீங்க. நான் இருபத்தஞ்சு வயசுல எங்கிட்ட இருந்த ஒரு கிட்டாரோட டியூனர் குமிழெல்லாம் நொறுங்குதுன்னு கழட்டி பழைய இரும்புக்காரனுக்கு பேரிச்சம்பழத்துக்குப் போட்டுட்டு பளபளன்னு புதுசு மாட்டினேன். அந்தப் பழைய டியூனருக்கு இப்போ ஆளுக தேடி அலையிறத பாக்கும்போது அந்தப் பேரிச்சம்பழம் இன்னும் தொண்டையில நிக்குது. கழட்டின ஆணி உட்பட ஒரு டப்பாவுல போட்டு பெட்டிக்குள்ளயே வைங்க.

கேள்வி: வால்யூம் திருப்பினா கரகரன்னு சத்தம். பாட்ட மாத்தணும்னா பின்னாடி மூடியே இல்லையே, எப்படி உள்ள போறது? (மார்த்தாண்டம், ரேடியோ மெக்கானிக்)

பதில்: மெக்கானிக்கு கேக்கிற கேள்வி, கேக்கவே சந்தோசம். மாத்த வேண்டாம், முக்காவாசி அழுக்கு தான். எஃப் ஓட்டை வழியா நீட்டுக் குழாய் வச்ச கான்டாக்ட் கிளீனர் ரெண்டு அமுக்கு, அம்பது தடவ குமிழ அங்கயும் இங்கயும் திருப்புங்க. வெளியில சிந்தினா உடனே தொடைங்க.

அப்படியும் போகலன்னா எல்லாத்தையும் எஃப் ஓட்டை வழியாத் தான் எடுக்கணும், அதே வழியாத் தான் திருப்பி வைக்கணும். கழட்டுறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு பாட்டோட தண்டுலயும் தனித்தனி கலர்ல நூல் கட்டிருங்க, நட்டு கழட்டி பாட்ட உள்ள தள்ளினா நூல் நுனி வெளியில நிக்கும், திரும்ப வைக்கும்போது அந்த நூல இழுத்தா அது அது அதோட ஓட்டைக்கு தானா வந்து சேரும், பட்டம் விட்டு எறக்கின மாதிரி. அக்வேரியம் டியூப வெட்டி தண்டுல சொருகி இழுக்கிறதும் உண்டு, அது இன்னும் பலமா புடிக்கும். நூல் கட்டாம ஒரு நாள் முழுக்க ஓட்டைக்குள்ள கைய விட்டு துழாவி, நட்டு ஒண்ணு உள்ள உருண்டு, கிட்டார தலைகீழா புடிச்சு குலுக்கினவன் எழுதுறேன், கேளுங்க. பாட்டு 500 கே, கெப்பாசிட்டர் 0.022 மைக்ரோஃபாரட், பழைய கெப்பாசிட்டர் வேலை செஞ்சா அத மாத்தாதீங்க. ஈயம் வைக்கும்போது ஒடம்பு மேல துணிய விரிச்சுக்கிடுங்க, ஒரு சொட்டு போதும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் மூணாவதா ஒரு பழைய கிட்டார் வாங்கணும்னு என் ரெண்டு வளையல கேக்கிறார். கொடுக்கலாமா? (ஒரு சகோதரி, கருங்கல்)

பதில்: கொடுக்காதீங்க அக்கா. பத்திரிகையில கிட்டார் பத்தி எழுதுறவனே சொல்றான்னு அவர்கிட்ட காட்டுங்க. ஏற்கெனவே இருக்க ரெண்டுல எத போன வாரம் வாசிச்சார்னும் கேளுங்க.

கேள்வி: ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போறேன், 1960-கள்ல செஞ்ச கிட்டார கையோட கொண்டு போலாமா? ரோஸ்வுட்டுன்னா புடிப்பாங்கன்னு சொல்றாங்க. (களியக்காவிளை)

பதில்: எந்த ரோஸ்வுட்டுங்கிறது தான் விஷயம். பழைய கிப்சன்ல ஃபிங்கர்போர்டு பிரேசில் ரோஸ்வுட்டு. அந்த மரம் 1992-லேருந்து அழியிற நெலையில இருக்க காட்டு உயிரினங்களோட உலக வியாபாரத்துக்கான ஒப்பந்தமான சைட்டீஸ்ல முதல் பட்டியல்ல இருக்கு, பெர்மிட் இல்லாம எல்லை தாண்டினா சிக்கல். 1960-கள் கடைசியில பிரேசில் தடி ஏத்துமதிய நிறுத்தினதும் கம்பெனிக்காரங்க நம்ம பக்கம் திரும்பினாங்க. இந்தியன் ரோஸ்வுட்டுன்னா வேற ஒண்ணும் இல்ல, நம்ம மலையில நிக்கிற ஈட்டி மரம் தான், மலையாளத்துல வீட்டி. நம்ம சகியமலை மரம் அமெரிக்கா போய் கிட்டாராகி கப்பல்ல திரும்பி வந்து நம்ம கையில கெடக்கு, நெனச்சா வேடிக்கையாத்தான் இருக்கு. ஈட்டி உட்பட மத்த ரோஸ்வுட்டெல்லாம் 2017 ஜனவரியில ரெண்டாம் பட்டியலுக்குள்ள வந்துது, செஞ்சு முடிச்ச வாத்தியத்துக்கு 2019 நவம்பர்ல விலக்கு கொடுத்துட்டாங்க. ஈட்டின்னா தைரியமா கொண்டு போங்க, பிரேசில்னா வீட்டுலயே விட்டுட்டு போங்க.

கொண்டு போறதா இருந்தா ஏர்போர்ட்டுல கஸ்டம்ஸ்ல காட்டி எக்ஸ்போர்ட் சர்டிஃபிகேட் வாங்கிக்கிடுங்க, திரும்ப வரும்போது வெளியில வாங்கினதுன்னு டியூட்டி கேக்க மாட்டாங்க. நம்பரும் நாலு பக்க ஃபோட்டோவும் ஃபோன்ல இருக்கட்டும். பழைய கிப்சன்ல தலை 17 டிகிரி பின்னாடி சாஞ்சிருக்கும், டிரஸ் ராடுக்கு குடைஞ்ச எடமும் அங்க தான், அதனால பெட்டி மல்லாக்க விழுந்தா நேரா கழுத்துல முறியும். தலைக்கு அடியிலயும் ரெண்டு பக்கமும் துணிய சுருட்டி அசையாம வைங்க, கம்பிய கொஞ்சம் தளத்தி விடுங்க. முறிஞ்சு ஒட்டின கிட்டார் வெல கிட்டத்தட்ட பாதி ஆயிரும், ஆனா நல்லா ஒட்டியிருந்தா சத்தத்துல ஒரு கொறையும் வராது, வாசிக்க மட்டும் வேணும்னா அப்படிப்பட்டது கிடைச்சா நான் முதல் ஆளா போய் வாங்குவேன்.

கேள்வி: பழைய செமி-ஹாலோவுல கமகம் வருமா? என் குரு வீணை வித்துவான், 'அதுல ஃப்ரெட்டு (மெட்டு) இருக்கே, ராகம் கட்டைக்குள்ள மாட்டிக்கும்'ங்கிறார். (பாலக்காடு)

பதில்: குருவோட வீணையிலயும் ஃப்ரெட்டு இருக்கே? அவர்கிட்ட இத நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க. கம்பிய இழுத்து எடுக்கிறது தான் ரெண்டுலயும். எலெக்ட்ரிக் மாண்டலின்ல யு.ஸ்ரீநிவாஸ் செஞ்சுட்டார், கிட்டார்ல பிரசன்னா செய்யிறார், வருமாங்கிற கேள்விக்கு பதில் எப்பவோ வந்தாச்சு.

கிப்சன் வகையில கம்பி நீளம் 24 3/4 இஞ்ச், ஃபெண்டர் வகையில 25 1/2. நீளம் கொறஞ்சா அதே சுருதிக்கு இழுவிசை கொறவு, அதனால இழுக்க லேசா இருக்கும், இது உங்களுக்கு சாதகம். மூணாவது கம்பி தான் வில்லன். 1958-ல இந்த கிட்டார் வந்த காலத்துல மூணாவது கம்பிக்கும் மேல சுத்து சுத்தி தான் வரும், ஜாஸ்காரங்க பழக்கம், அது வளையாது. சுத்து இல்லாத மூணாவது கம்பி வர்ற செட்டு, 10-ல ஆரம்பிக்கிறது, அத மாட்டுங்க. மாட்டினதும் சுருதி மேல கீழ போவும், பிரிட்ஜுல அந்தக் கம்பி ஒக்காந்திருக்க சின்னத் துண்ட, அதாவது சேடில, பின்னாடி நகத்தி சரி பண்ணணும். ஃப்ரெட்டு தேஞ்சு மட்டமா இருந்தா இழுக்கும்போது விரல் மரத்துல உரசும், அது தான் உங்க குரு சொன்ன 'மாட்டிக்கிறது'. ஆனா பழைய ஃப்ரெட்ட எடுத்ததும் மாத்திராதீங்க, முதல்ல லெவல் பண்ணிப் பாருங்க, அதுலயே பாதிக்கு மேல சரியாயிரும். சுருதிய ஒண்ணு ஒண்ணரைக் கட்டை எறக்கியும் வாசிச்சுப் பாருங்க, அப்போ கம்பி தளரும், தோடியில காந்தாரம் ஆடுறதுக்கு எடம் கிடைக்கும், ஆனா பதினொண்ணுல ஆரம்பிக்கிற தடிக் கம்பி போட வேண்டி வரும். நெக் பிக்கப்பு, டோன் பாதிக்கு மூடி, ஆம்புல ரிவர்ப் (எதிரொலி) வேண்டவே வேண்டாம்.

பாலக்காட்டுலேருந்து கிட்டார என்கிட்ட காட்ட வரலாமான்னும் கடைசியில கேட்டிருக்கீங்க. தாராளமா வாங்க, குழித்துறை ஸ்டேஷன்ல எறங்கி பத்திரிகைக்கு ஃபோன் போட்டா வழி சொல்லுவாங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் வேண்டாம், மத்தியானம் வர சர்ச்சுல வாசிப்பேன், அப்புறம் தூங்குவேன்.